தொழுமரமும் காவல் நிலையமும்

சேரியில் இருந்து போகும் புகாரைக் காவல் நிலையம் வாங்க மறுத்தால் நாம் வழக்கமாக எழுப்பும் முழக்கம், 'ஆய்வாளரை இடமாற்றம் செய்' என்பது. அவரும் பக்கத்து வட்டத்துக்குப் போகிறார். இனி அந்த வட்டத்துச் சேரியின் பாடு. கோளாறு ஆளிடம் மட்டும் இருந்தால் இந்த வைத்தியம் போதும். கிராமத்துப் போலீசுக்குத் தலைமை எப்படி உண்டாக்கப்பட்டது என்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

1816இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்துக்கு 11ஆம் ரெகுலேஷனைக் கொண்டுவந்தது. ஊர்த் தலைவரான மணியக்காரருக்கே போலீஸ் அதிகாரம். அவருக்குக் கீழே தலையாரி. வசவு, சின்ன அடிதடி போன்றவற்றுக்கு அவரே 12 மணி நேரம் வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். பிடிபட்டவர் 'கீழ்ச்சாதி' என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே காலை நுழைத்துப் பூட்டி, ஊர் பார்க்க உட்கார வைக்கும் தண்டனை அது. இழிவான தண்டனைதான், ஆனால் இவர்களுக்குக் கொடுத்தால் தகாதது ஆகாது என்ற பொருளில் சட்டமே பேசியது. மனுவின் ஏட்டைச் சொல்லவில்லை; வெள்ளைக்காரன் அச்சடித்த சட்டத்தைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டுச் சீமையில் நிலம் மிராசுதார் கையில் இருந்தது, பண்ணையாளும் அவர் கையில். மணியம் அவரை மீறியா நடந்திருக்கும்? 1891இல் இங்கே ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலம் காகிதத்திலாவது வந்தது. ஊர்க்காவல் மாறவில்லை. பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிய 1980 நவம்பர் வரை, எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பதவி ஒழிந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள காரணை மக்கள் அதே பஞ்சமி நிலத்தைக் கேட்டார்கள். நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அங்கே துப்பாக்கி பிடித்தது மணியக்காரர் அல்ல, சீருடை போட்ட அரசு.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது, ஓரளவுக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. புகாரைப் பதிவது, வாய்மொழிப் புகாரை எழுதி வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது, முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே தருவது, 60 நாளில் குற்றப்பத்திரிகை எல்லாம் கடமைகள் என்று 2015 திருத்தம் எழுதியே வைத்துவிட்டது. ஆனால் கூடவே ஒரு பூட்டு: நிர்வாக விசாரணை ஒன்று பரிந்துரைத்தால்தான் அந்த ஊழியர் மீது வழக்கு. போலீஸ்காரர் மீதான விசாரணையைப் போலீஸ் மேலதிகாரியே நடத்தினால் என்ன பரிந்துரை வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இடமாற்றத்தோடு திருப்தி அடையாமல் 4ஆம் பிரிவைக் கேட்போம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. செங்கல்பட்டில் அடுத்த கூட்டம் நடக்கும்போது உறுப்பினர்கள் இரண்டு எண்களை எழுத்தில் கேட்கட்டும்: பதிய மறுத்ததாக வந்த புகார்கள் எத்தனை, அவற்றில் நிர்வாக விசாரணைக்குப் போனவை எத்தனை?