டீலா நோ டீலா: கட்டம் போட்டால் தெரியும் கணக்கு

சன் டிவியில் ரிஷி நடத்திய ‘டீலா நோ டீலா’ ஒரு காலத்தில் தமிழ் வீடுகளை இரண்டு கட்சியாகப் பிரித்தது. வங்கியாளர் ஒரு தொகை சொன்னதும் பாட்டி ‘வாங்கிக்கோ’ என்பார், பேரன் ‘வேண்டாம்’ என்பான். கேள்வி-பதில் இல்லாத விளையாட்டு அது. மூடிய பெட்டிகளில் ஒன்று போட்டியாளருடையது. மற்றவை திறக்கத் திறக்க, தன் பெட்டியில் என்னென்ன தொகை இல்லை என்பது அவருக்குத் தெரியவரும். இடையிடையே அந்தப் பெட்டியை விட்டுக்கொடுக்க வங்கியாளர் ஒரு தொகை சொல்வார்; ஏற்றால் டீல், மறுத்தால் நோ டீல். ராசி எண் பார்த்து எடுத்தாலும் உள்ளே இருக்கும் பணம் மாறாது.

இதன் மூலவடிவம் நெதர்லாந்தினுடையது. அங்கே 26 பெட்டிகள். உச்சத் தொகை 50 லட்சம் யூரோ. சராசரி போட்டால் ஒரு பெட்டிக்குச் சுமார் 3.9 லட்சம் வரும். ஆனால் தொகைகளைக் கோடுகளாக வரைந்து பார்த்தால் வேறு கதை: பாதிப் பெட்டிகளில் 5,000 யூரோவோ அதற்கும் குறைவோதான். சராசரியைத் தாண்டுபவை ஐந்தே ஐந்து.

ரூபாயில் ஓர் உதாரணம் போடலாம். மிச்சம் ஐந்து பெட்டிகள்: 1,000, 5,000, 10,000, 1 லட்சம், 25 லட்சம். சராசரி 5.23 லட்சம். வங்கியாளர் 3 லட்சம் தருகிறேன் என்கிறார். ஏமாற்று வேலை போலத் தோன்றும்.

அடுத்த பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும் என்று இப்போது வரைய வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பில் 25 லட்சம் தப்பும், சராசரி 6.29 லட்சமோ அதற்கு மேலோ போகும். மீதி ஒரு பங்கில் அது போய்விடும். சராசரி 29,000 ரூபாய்க்கு விழும். வரைபடத்தில் இரண்டு முனைகளில் இரண்டு குவியல், நடுவே வெற்றிடம். 5.23 லட்சம் என்ற சராசரி அந்த வெற்றிடத்தில் நிற்கிறது. அடுத்த சுற்றில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. சென்னை ரங்கநாதன் தெருக் கடையில் வேலை பார்ப்பவருக்கு 3 லட்சம் என்பது கடன் அடையும் தொகை. கடை முதலாளிக்கு அப்படி இல்லை. ஒரே வரைபடத்தைப் பார்த்து இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் இரண்டுமே சரிதான். பணத்தின் பயன் ஆளுக்கு ஆள் மாறும் என்று கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738-லேயே எழுதிவிட்டார்.

வங்கியாளர் தரும் தொகைக்கும் ஒரு போக்கு உண்டு. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட நால்வர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கப் போட்டியாளர்கள் 151 பேரை எடுத்துக்கொண்டது. ஆரம்பச் சுற்றுகளில் சராசரியில் சிறு பங்குதான் தரப்படுகிறது. கடைசியில் ஏறக்குறைய முழுச் சராசரியும் வந்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே ஆள் போய்விட்டால் நிகழ்ச்சி ஏது?

அந்த ஆய்வில் வரும் ஒரு நெதர்லாந்துக்காரரின் கதை மனதை வருத்துவது. பெரிய தொகைகளை எல்லாம் இழந்தபின் அவரிடம் எஞ்சியவை 10 யூரோவும் 10,000 யூரோவும். சராசரி 5,005. வங்கியாளர் 6,000 தருவதாகச் சொல்லியும் மறுத்தார்; கிடைத்தது 10 யூரோ. விட்டதைப் பிடிக்க நினைக்கும் மனம் துணிச்சலைக் கூட்டிவிடுகிறது என்பதை ஆய்வு காட்டுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் பாடம் இருக்கிறது. ஆசிரியர்கள் அதை நடத்தும் நாளில் இந்த ஐந்து பெட்டிகளைக் கரும்பலகையில் வரைந்து, டீலா நோ டீலா என்று மாணவர்களைக் கேட்க வேண்டும்.