ஒரு குறிக்கு இரண்டு எண்கள்

கிரேக்க எழுத்துகளாகிய டௌ, ரோ இரண்டையும் ஒரே தண்டில் பிணைத்து எழுதும் பழைய கிறிஸ்தவக் குறி டௌ-ரோ ஆகும். (கான்ஸ்டன்டைன் பேரரசனுடன் இணைத்துப் பேசப்படும் கை-ரோ வேறு.) கி.பி. 200-ஐ ஒட்டியதெனப் பொதுவாகக் கணிக்கப்படும் யோவான் நற்செய்தியின் பாப்பிரஸ் பிரதியொன்றில், சிலுவையைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே இது அமைந்திருக்கிறது. ரோவின் வளைவைத் தலையாகவும் குறுக்குக் கோட்டை விரித்த கைகளாகவும் கண்டு, சிலுவையில் அறையுண்டவரின் உருவமே இது என்று கருதும் அறிஞரும் உளர்.

கணிப்பொறி எழுத்துகளுக்கு எண் வகுக்கும் யூனிகோடு, இதனை 2005-இல் காப்டிக் குறியாக 11496 என்னும் எண்ணிலும், 2014-இல் கிரேக்கக் குறியாக 65952 என்னும் எண்ணிலும் சேர்த்தது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே, கணிப்பொறிக்கோ இரண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது பெரும்பாலும் அகப்படாது. இரு எழுத்து முறைகளையும் பிரித்தது நியாயமே. ஆயினும், கைக்கு அகப்பட்டதை எடுத்து ஒட்டும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. வெறும் சிலுவைக் குறியை இட்டு ஒப்பேற்றுதல் அதனினும் தவறு. கிரேக்கப் பிரதிக்குக் கிரேக்க எண்ணையும், காப்டிக் பிரதிக்குக் காப்டிக் எண்ணையும் ஆளுதலே முறை. ஆண்ட எண்ணைப் படியின் முகப்பில் எழுதி வைத்தலும் வேண்டும். தக்க எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் இக்குறி வெறுங்கட்டமாகவே தோன்றும்.