சேதி சேர்ந்த பிறகும்

ஆம்பூரும் வாணியம்பாடியும் ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊர்கள். இதே வட்டாரத்தில், கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில், வேறொரு வகைச் செருப்பும் தைத்தார்கள். உணர்ச்சி செத்த பாதங்களுக்கு, மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் அடி வைத்த செருப்பு. முள் தைத்தாலும் தெரியாத கால் புண்ணாகும். வலிக்காததால் அதன்மேலேயே நடந்து விரலை இழப்பார்கள். 1948இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கிய பால் பிராண்ட், வலி உடம்பின் காவல்காரன் என்று வாழ்நாளெல்லாம் எழுதினார்.

இந்த உண்மையை அறுவை முடிந்த குழந்தையின் கட்டிலருகே கொண்டுபோய், "வலி நல்லதுதான், தாங்கிக்கோ" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காவல்காரன் குரல் கொடுப்பது வீட்டாரை எழுப்பத்தான். கத்தி வைத்தவர் யார், எங்கே, எதற்கு என்பதெல்லாம் தெரிந்த பிறகு அந்தக் குரலால் என்ன பயன்? வயிற்றில் தையல் போட்ட பிள்ளை வலிக்குப் பயந்து மூச்சை இழுத்து விடாது, இருமாது. சளி நெஞ்சில் தங்கும். தூக்கமும் சாப்பாடும் போகும்.

பச்சிளங் குழந்தைக்கு வலியே தெரியாது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் வெகுதூரத்தில் இல்லை. அசையாமலிருக்க மருந்து, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, அவ்வளவுதான். வலிக்கென்று வேறு எதுவும் இல்லாமலே பல சிசுக்களின் நெஞ்சைத் திறந்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் இதற்குப் பதில் சொன்னார். இதயத்தருகே ரத்தக்குழாய் ஒன்றை மூடும் அறுவையில், குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் உடம்பில் பதற்ற ஹார்மோன்கள் அவ்வளவு ஏறவில்லை. பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு.

நம் வீடுகளில் அந்தப் பழைய நம்பிக்கை வேறு உருவில் இருக்கிறது. சுன்னத் செய்த பையனிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். "புள்ள அமைதியா இருக்குது சிஸ்டர்" என்று நிம்மதியாகச் சொல்கிறோம். அசைந்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்ட பிள்ளையும் அமைதியாகத்தான் கிடக்கும். அதனால்தான் பேசத் தெரியாத வயதில் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை எண் போடுகிறார்கள். அழுகை அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே.

சில வலிகளுக்கு இன்னும் சொல்ல வேண்டிய சேதி உண்டு. மாவுக்கட்டுப் போட்ட கை மருந்துக்கும் அடங்காமல் மேலும் மேலும் வலித்தால், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மற்றபடி வழிகள் எளியவை. குடலிறக்கம், சுன்னத் போன்றவற்றுக்கு மயக்கத்திலேயே முதுகெலும்பின் கடைசியில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போடுவார்கள். சில மணி நேரம் தாங்கும். அப்புறம் எடைக்கேற்ற பாராசிட்டமால்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அழுதாலும் அழாவிட்டாலும்.

சிக்கல் வருவது வீட்டுக்குப் போகும் வழியில். மத்தியானம் வேலூரில் போட்ட ஊசி, ஆம்பூர் பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது தெளியத் தொடங்கும். மறுநாள் ஷூ கம்பெனி ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய அம்மாவின் மடியில் பிள்ளை முனக ஆரம்பிக்கும். மருந்து பாட்டில் பையின் அடியில் இருக்கும். முதல் வேளையை வார்டிலேயே கொடுத்து, அடுத்த வேளை இரவு எத்தனை மணிக்கு என்பதைத் தமிழிலோ உருதுவிலோ அவர் கையில் எழுதிக் கொடுத்துத்தான் பஸ் ஏற்ற வேண்டும்.