மீனின் செவுளைப் பார்ப்போர் கோழியிடம் எதைக் கேட்கிறார்கள்?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மீன் வாங்குபவரை எவரும் இலகுவில் ஏமாற்றிவிட முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அழுத்திப் பார்ப்பார். அதே மனிதர் கோழிக்கடையில் கேட்பது ஒன்றுதான்: "கிலோ என்ன விலை?"

கோழியைப் பற்றி நம்மவருக்கு அச்சமே இல்லை என்று நான் சொல்லவில்லை. "ஹோர்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள்" என்ற பேச்சைத் திருமணப் பந்தியிலும் கேட்கிறேன். புலம்பெயர்ந்த நண்பர்களின் மின்னஞ்சல்களிலும் காண்கிறேன். புரொயிலர் கோழி ஆறு வாரங்களில் கொழுப்பது இனத்தெரிவினாலும் தீவனத்தினாலும், ஊசியினால் அன்று. இல்லாத பேய்க்கு அஞ்சி, இருக்கும் பாம்பை மறந்துவிட்டோம்.

மருந்துக்கு அடங்காத கிருமியே அந்தப் பாம்பு. நோயில்லாத கோழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறிது சிறிதாகக் கொடுத்துவந்தால், வலுவற்ற கிருமிகள் மடியும், தாக்குப்பிடித்தவை பெருகும். கடைசிப் புகலிடமாக வைத்தியர்கள் வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தை முறியடிக்கும் எம்.சி.ஆர்.-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தனர். பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளரிடத்திலும் அது காணப்பட்டது. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவல்லது அது. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019இல் தடைசெய்தது. நம் நாடும் விலக்கன்று. இலங்கைப் புரொயிலர் கோழிகளில் குயினோலோன் மருந்துகளுக்கு அடங்காத கம்பைலோபக்டர் கிருமி இருப்பதை 2017இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது.

"நன்றாக வேகவைத்தால் போயிற்று" என்பார்கள். வெப்பத்தில் கிருமி சாகும் என்பது உண்மையே. ஆனால் அடுப்பு சட்டியிலுள்ள குழம்பை மட்டுமே காக்கும். பச்சை இறைச்சியை வெட்டிய கத்தியையும், அதே பலகையில் நறுக்கிய வெங்காயத்தையும், கடையிலிருந்து வடிகாலுக்கு ஓடும் கழிவு நீரையும் எந்த அடுப்பில் வேகவைப்பது?

"விலை ஏறிவிடும்" என்பது அடுத்த வாதம். வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாக நிறுத்தியது. அங்கே கோழி உண்பவர் இல்லாமற் போய்விடவில்லை. நோயுற்ற பறவைக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. நலமாயிருக்கும் பறவைக்கு வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2017இல் வழங்கிய பரிந்துரை. விலையைப் பற்றிப் பேசுவோர் மற்றைய கணக்கையும் பார்க்கட்டும்: மருந்துக்கு அடங்காத கிருமிகள் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் உயிர்களை நேரடியாகப் பறித்தன.

நான் கோருவது அதிகமன்று. மிருக வைத்தியரின் எழுத்துமூலப் பரிந்துரையின்றிப் பண்ணைக்கு மருந்து போகக்கூடாது. கடைகளில் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவுகளை ஊர் அறிய வெளியிட வேண்டும். கோப்புக்குள் உறங்கும் பரிசோதனை எவரையும் காப்பதில்லை.

வாசகர்களே, அடுத்தமுறை விலையோடு இதையும் கேளுங்கள்: "இந்தக் கோழிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? எதற்காகக் கொடுத்தார்கள்?" கடைக்காரருக்குத் தெரியாதிருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் விநியோகத்தரிடம் கேட்பார். விநியோகத்தர் பண்ணையிடம் கேட்பார். மீன் சந்தையில் நாம் காட்டும் விழிப்புக்குக் கோழிக்கடையில் மட்டும் ஏன் விடுமுறை?