தோசை மாவுக்கு ஒரு வெப்பப் பெட்டி

ஊரில் ஓரிரவில் பொங்கிய தோசை மா, இங்கு குளிர்காலத்தில் இரண்டு நாள் கழிந்தும் அசைவற்றுக் கிடக்கின்றது. அரைத்த உழுந்தைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நம்மிற் பலரது சமையலறைகள் இரவில் 18 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகின்றன.

வெப்பத்தைக் காக்கும் பெட்டியொன்றை நாமே செய்துகொள்ளலாம். எதனாற் செய்வது? பலகை உறுதியானதே, ஆயினும் ஒரே தடிப்புள்ள றெஜிபோமைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை அது வெளியே விட்டுவிடும். மீன்கடையில் எறியப்படும், மூடியுள்ள றெஜிபோம் பெட்டியே போதுமானது. (சவர்க்காரமிட்டு நன்கு கழுவுக, தோசையில் மீன்மணத்தை எவரும் விரும்பார்.)

ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். பெட்டிக்குள் பழைய மின்குமிழை எரியவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. றெஜிபோம் 100 பாகையளவிலேயே இளகும். தீப்பற்றினாற் கரும்புகை கக்கும். குழந்தைகள் உறங்கும் மாடிக் குடியிருப்பில் இது வேண்டவே வேண்டாம். புதிய எல்.ஈ.டி. குமிழ்களிலோ போதிய வெப்பமில்லை. வெந்நீர் நிரப்பிய இறப்பர்ப் பையைத் துணியிற் சுற்றி, மாப் பாத்திரத்தின் அருகே வைத்து மூடுங்கள். உறங்கச் செல்லுமுன் ஒருமுறை நீரை மாற்றுங்கள். பாத்திரம் அலுமினியமாக இருத்தலாகாது. புளிப்பு அதனை அரிக்கும். பாதியளவே நிரப்புங்கள், மா பொங்க இடம் வேண்டுமல்லவா?