இலங்கை கோஸ்ட் டிரிப்புக்கு எவ்வளவு ஆகும்? முதல்ல கடலூர்–தரங்கம்பாடி போய்ட்டு வாங்க

"இலங்கை சவுத் கோஸ்ட், 5 நாள், வெறும் 30,000 ரூபாய்!" இப்படி ஒரு ரீல் வராத வாரமே இல்லை. அதைப் பார்த்துட்டு நம்ம சேனலுக்கு வர்ற கேள்வியும் ஏறக்குறைய ஒண்ணுதான்: "சார், கையில சேவிங்ஸ் இல்லை. பர்சனல் லோன் போட்டு போய்ட்டு வந்துடலாமா? ரெண்டு வருஷத்துல கட்டிடுவேன்."

போகணுமா வேண்டாமான்னு கேட்டா, தாராளமா போங்க. 26 வயசுல கடலோரமா வண்டி ஓட்டாம, 56 வயசுல ஓட்டப் போறோமா? காபி குடிக்காதீங்க, அந்தக் காசை எஸ்ஐபி-ல போடுங்கன்னு சொல்ற ஆடிட்டர் நான் இல்லை. ஆனா ரெண்டு விஷயத்துல எனக்கு உடன்பாடு கிடையாது. ஒண்ணு, லோன். இன்னொண்ணு, அந்த 30,000. அது அந்த வீடியோ போட்டவரோட செலவு. உங்க செலவு எவ்வளவுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொல்லப்போனா உங்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி இருக்கு, அதுவும் நம்ம ஊர் ரோட்டுலயே இருக்கு.

முதல்ல லோன் கணக்கை முடிச்சிடுறேன். 96,000 ரூபாய், 18% வட்டி, 24 மாசம்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 4,793 ரூபாய். மொத்தமா கட்டுறது 1,15,000-ஐத் தொடும். பிராசஸிங் ஃபீஸ் 2%, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18%, அது ஒரு 2,266. ஆக, அஞ்சு நாள் டூருக்கு 21,000 ரூபாய்க்கு மேல கூடுதலா கொடுக்குறீங்க. இப்ப அதையே திருப்பிப் போடுங்க. அந்த 4,793-ஐ மாசாமாசம் ஆர்டி-ல போட்டா, வட்டியைச் சேர்க்காமலே 20-ஆவது மாசம் 95,860 ரூபாய் கையில இருக்கும். அதாவது, லோன் போட்டா 24 மாசம் கட்டணும். காத்திருந்தா 20 மாசத்துல முடிஞ்சிடும். நடுவுல வேலை போனா, ஆர்டி-யை உடைச்சுக்கலாம். இஎம்ஐ-யை உடைக்க முடியாது, உடையுறது உங்க சிபில் ஸ்கோர்தான்.

சரி, இந்த 96,000 எங்க இருந்து வந்தது? இதுதான் விஷயமே.

காஸ்டிங் பாடத்துல 'வேரியன்ஸ்'னு ஒண்ணு படிப்போம். திட்டம் போட்ட செலவுக்கும் நிஜமா ஆன செலவுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம். கம்பெனிக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒரு வேரியன்ஸ் உண்டு. சில பேர் 3,000-னு நினைச்சா 3,100-ல முடிப்பாங்க. சில பேருக்கு அது 5,000 ஆகும். டூர் போனா இந்த குணம் அப்படியே வெளிய வந்துடும். அதனால இலங்கைக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, ஒரு சனி ஞாயிறு கடலூர்ல இருந்து தரங்கம்பாடி வரைக்கும் கடலோரமா ஓட்டிப் பாருங்க. ஒத்திகைதான்.

ஏன் இந்த ரோடு? குணத்துல கொஞ்சம் இலங்கை ரோடு மாதிரியே இருக்குறதால. சில்வர் பீச்ல காலையில கிளம்புறீங்க. பக்கத்துல தேவனாம்பட்டினத்துல, 1690-ல ஆங்கிலேயர் வாங்கின செயின்ட் டேவிட் கோட்டையோட மிச்சம் இருக்கு. அங்க இருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா நெடுஞ்சாலை கடலை ஒட்டிப் போகாது. வெள்ளாறு, கொள்ளிடம்னு ஆறுகள் குறுக்க வந்து விழற கரை இது. சாமியார்பேட்டை பீச்சா, உள்ள போய் வெளிய வரணும். பரங்கிப்பேட்டையா, மறுபடி உள்ள போய் வெளிய வரணும். பிச்சாவரத்துக்கு சிதம்பரத்துல இருந்து 15 கிலோமீட்டர் கிழக்கே போய்த் திரும்பணும். மேப்ல தரங்கம்பாடி 100 கிலோமீட்டர்னு காட்டும். இப்படி வளைஞ்சு வளைஞ்சு போய்த் திரும்பினா 250-ஐத் தொடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்குற கார்னா பெட்ரோல் மட்டும் 1,700 ரூபாய்க்குக் கிட்ட. நீங்க மேப்பைப் பார்த்துப் போட்ட கணக்கு 1,400-க்கு மேல இருந்திருக்காது. முதல் வேரியன்ஸ் இங்கயே பிறந்தாச்சு.

இலங்கையிலயும் இதேதான். கொழும்புல இருந்து காலி, மாத்தறை வழியா போற ஏ2 ரோடுதான் கடலைப் பார்த்துட்டே போற ரோடு. ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ எல்லாம் இதுலதான். கொழும்பு–மாத்தறை 160 கிலோமீட்டர்தான். ஆனா ஊருக்குள்ள ஊரா போற ரோடு. நின்னு பார்த்துட்டுப் போனா ஒரு நாள் முழுசா போயிடும். வேகமா போகணும்னா எக்ஸ்பிரஸ்வே இருக்கு, அதுல கடல் தெரியாது! ரீல்ல எல்லாம் 15 செகண்ட்ல காலி கோட்டை வந்துடுது.

நம்ம ஒத்திகைக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரி சிதம்பரத்துல ரூம். காலையில இட்லி, கொத்சு. கொத்சு மட்டும் தனியா இன்னொரு தடவை வாங்குவீங்க, எழுதி வெச்சுக்கோங்க. அப்புறம் கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி, பூம்புகார், தரங்கம்பாடி. 1620-ல டேனிஷ்காரங்க கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. 1845-ல அதை ஆங்கிலேயருக்கு வித்துட்டாங்க. கோட்டை முன்னாடி கடல்காத்துல ஒரு மணி நேரம் உட்கார்ந்தா ஒரு பைசா செலவு இல்லை. என்னைக் கேட்டா இந்த ரூட்லயே பெஸ்ட் அதுதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு எவ்வளவு ஆகும்னு ஒரு எண்ணை எழுதி, கூட வர்றவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அனுப்பிட்டா அப்புறம் மாத்த முடியாது பாருங்க. போற வழியில ஒவ்வொரு செலவையும் அப்பப்ப அதே குரூப்ல போடுங்க. டீ, பார்க்கிங், டோல், பிச்சாவரம் படகு, ஃபோன் கேபிள் மறந்துட்டு வாங்கின கேபிள், எல்லாம். நீங்க 3,000-னு எழுதி, நிஜத்துல 4,100 ஆச்சுன்னா உங்க வேரியன்ஸ் 37%. இனிமே எந்த டூர் பட்ஜெட் போட்டாலும் அதை 1.37-ஆல பெருக்குங்க. இலங்கைக்கு ஃப்ளைட், ரூம், வண்டி, சாப்பாடுன்னு 70,000-னு கணக்கு வருதா? உங்களுக்கு அது 95,900. மேல சொன்ன 96,000 இப்படி வந்ததுதான். 'மிஸ்லேனியஸ் 10%'னு குத்துமதிப்பா சேர்க்குறதை விட இது எவ்வளவோ நம்பகமானது, ஏன்னா இது உங்க பழக்கத்துல இருந்து வந்த எண்.

ஒத்திகைக்கு ஃப்ரெண்டோட வெள்ளை போர்டு காரை வாடகை கொடுத்து எடுக்காதீங்க. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விட்டா, அது பாலிசி நிபந்தனையை மீறுறது. அடிபட்டா கிளைம் நிக்காம போகலாம். சும்மா கொடுத்தா வாங்கிக்கோங்க, பெட்ரோல் போட்டுக் கொடுங்க. இல்லைன்னா முறையா செல்ஃப் டிரைவ் பர்மிட் உள்ள வண்டி எடுங்க.

இதே சிக்கல் இலங்கையில இன்னும் பெருசு. நம்ம லைசென்ஸை மட்டும் காட்டி அங்க ஓட்ட முடியாது. ஆர்டிஓ-கிட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி, அதை அங்க உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன்ல அங்கீகாரம் வாங்கணும், இல்லைன்னா அங்க தற்காலிக லைசென்ஸ் எடுக்கணும். சரியான லைசென்ஸ் இல்லாம விபத்துன்னா டிராவல் இன்சூரன்ஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. செல்ஃப் டிரைவ்னா டெபாசிட்டை கிரெடிட் கார்டுல பிளாக் பண்ணுவாங்க. 60,000 லிமிட்ல 30,000 பிளாக் ஆனா, ஹோட்டல் பில்லுக்கு என்ன பண்ணுவீங்க? மூணு நாலு பேரா போறீங்கன்னா டிரைவரோட வண்டி எடுக்குறதுதான் என் கருத்துல சரி. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்க்கத்தானே போறோம்?

கார்டுல இன்னொரு ஓட்டை. வெளிநாட்டுச் செலவுக்கு பல கார்டுகள்ல 3.5% வரைக்கும் ஃபாரெக்ஸ் மார்க்கப், அது மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13%. 50,000 தேய்ச்சா 2,065 ரூபாய் போச்சு. மெஷின்ல 'இந்திய ரூபாய்ல கட்டுறீங்களா'ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்த மாற்று விலை பெரும்பாலும் இன்னும் மோசமா இருக்கும்.

டூர் ஆபரேட்டர்கிட்ட பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது. இது செலவு இல்லை, உங்க பேர்ல கட்டின வரி. ரிட்டர்ன்ல திரும்ப வாங்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து, கம்பெனிகிட்ட அறிவிச்சு சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்-ல கழிச்சுக்கவும் வழி வந்துடுச்சு. வரி இல்லாத சம்பளம்னாலும் ரிட்டர்ன் போடலைன்னா அந்தப் பணம் வராது. எல்டிஏ பத்தியும் கேக்குறாங்க. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய ரெஜிம்ல மட்டும்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல்ல போனா சீப்பா முடியுமேன்னு ஒரு கேள்வி வரும். 2023 அக்டோபர்ல தொடங்கி, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்ச சேவை. நாலு மணி நேரப் பயணம், நம்ம ஒத்திகை ரூட்டுக்கு அடுத்த ஊர்லதான் கிளம்புது. ஆனா இறங்குறது வடக்கு முனையில. காலி அங்க இருந்து 500 கிலோமீட்டர் தள்ளி. டிக்கெட்ல மிச்சம் பிடிச்சதை பஸ்ஸும் ஒரு ராத்திரி ரூமும் சாப்பிட்டுடும். யாழ்ப்பாணம் பார்க்கணும்னா கப்பல், தெற்குக் கரை மட்டும்னா ஃப்ளைட்.

அப்புறம் மாசம். இலங்கையோட தென்மேற்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைக்கும் மழைக் காலம். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்லா இருக்கும். கடலூர்க்காரங்களுக்கு அக்டோபர்–டிசம்பரைப் பத்தி நான் சொல்லணுமா? 2011 டிசம்பர் 30 தானே புயலை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஆக, ஜனவரிலயோ பிப்ரவரிலயோ ஒத்திகையை முடிச்சுட்டு, அடுத்த மாசச் சம்பளத்துல ஆர்டி-யைத் தொடங்குங்க. 20 மாசம் முடியும்போது நவம்பர் வாக்குல இருப்பீங்க. அப்ப ஜனவரிக்கு டிக்கெட் பாருங்க. கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்தை மட்டும் விட்டுடுங்க, ரூம் வாடகை ஏறியிருக்கும்.