எதிர்வீட்டு கேசட்



போகிக்கு முந்தின நாள் பரண் ஒழித்தபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் கிடைத்தது. '9999-இன்-1' என்று போட்ட லேபிள் பாதி உரிந்திருந்தது. உள்ளே இருந்தது என்னவோ ஏழெட்டு விளையாட்டுதான். அதையே பெயர் மாற்றி, நிறம் மாற்றி 9,999 வரை கணக்குக் காட்டியிருப்பார்கள் என்பது 90-களில் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். கேசட் ஓடாவிட்டால் கழற்றி, அடிப்பக்கத்தில் வாயை வைத்து ஓர் ஊது ஊதி மறுபடி சொருகுவோம். ஓடிவிடும். ஊதியதில் ஒன்றுமில்லை, கழற்றிச் சொருகியதில்தான் விஷயம் இருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். நம்ப மனம் வரவில்லை.

கேசட்டின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு எழுத்து எழுதியிருந்தது. என் கையெழுத்து இல்லை, தம்பியுடையதும் இல்லை. படம் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒட்டடை அடிக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம்தான் கரூரிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. டிப்ளமோ படிக்கும் மகன் 3,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் கேம் கேட்கிறானாம். "பணம் கட்டினால் பெட்டி வருமா, சிடி வருமா என்றால், எதுவும் வராது என்கிறான். கையில் ஒன்றுமே வராத பொருளுக்கு மூவாயிரமா? இது என்ன வியாபாரம் என்று நீங்களாவது எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். மற்ற கடிதங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த மாதப் பக்கம் முழுக்க அவருக்குத்தான்.

அம்மா, இந்த வியாபாரத்துக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீம் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர்களுடைய 'ஹாஃப்-லைஃப் 2' வெளியானபோது, கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்கள்கூட ஸ்டீமில் கணக்குத் தொடங்கி, இணையம் வழியாகப் பதிவு செய்தால்தான் ஆட முடியும் என்றார்கள். வசவு குவிந்தது. நாம் அப்போது பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று மெயில் பார்த்துக்கொண்டிருந்தோம். டிஸ்க் வேண்டுமென்றால் பர்மா பஜார். (அங்கே வாங்கியது எந்த வகை டிஸ்க் என்று கேட்காதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் ஒப்புதல் வாக்குமூலம் எழுதும் வழக்கமில்லை.) இன்று கடைக்குப் போய் லேப்டாப் கேட்டால் டிஸ்க் போடும் வாயே இருக்காது. சோனி 2020-இல் பிளேஸ்டேஷன் 5-ஐ வெளியிட்டபோதே, இரண்டு மாடலில் ஒன்றை அந்த வாய் இல்லாமல்தான் விற்றது.

நல்லதை முதலில் சொல்கிறேன். போன வருடம் என் மகன் 'வெண்பா' என்றொரு விளையாட்டை வாங்கினான். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து எடுத்துப்போன சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் பாடம் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் மகன் திணறினான். "ஒன்றின் குழிக்கு மேலேயே இன்னொன்றின் குழி வராமல் மாற்றி அடுக்குடா" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தேன். இருபது வருடமாக நம் வீட்டு இட்லியைச் சாப்பிட்டவன், அதை ஒரு கனடா விளையாட்டில் கற்றுக்கொண்டான்! பிறகு நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சட்னி கொஞ்சம் தீய்ந்தது.

டிஸ்க் அடித்து, அட்டை அச்சிட்டு, லாரியில் ஏற்றி, கடைகடையாக அலமாரியில் இடம் பிடித்துத்தான் ஒரு விளையாட்டு வர முடியும் என்ற காலம் நீடித்திருந்தால், இட்லி சுடும் தமிழ் அம்மாவை நம்பி எந்த விநியோகஸ்தர் பணம் போட்டிருப்பார்? 2024-இல் அந்த விளையாட்டு, முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை வாங்கியது. எரிக் பரோன் என்ற தனி மனிதர் நான்கு வருடத்துக்கு மேல் ஒண்டியாக உட்கார்ந்து செய்த 'ஸ்டார்டியூ வேலி' 2016-இல் வந்து உலகம் முழுக்கப் போனதும் இந்த டவுன்லோடு வழியாகத்தான். ஸ்டீம் போன்ற இணையக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு வழக்கமாக 30 சதவீதம். எபிக் நிறுவனம் 2018-இல் 12 சதவீதம் போதும் என்று தன் கடையைத் திறந்தது. தரகு அதிகம்தான், ஆனாலும் கதவு திறந்திருக்கிறது.

விலையிலும் சௌகரியம் உண்டு. 2015 முதல் ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி. நம் ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தவர் கதிதான் அங்கேயும். என் மகனின் கணக்கில் இருக்கும் விளையாட்டு அறுபது, அவன் ஆடி முடித்தது பதினெட்டு. கேட்டால், "பீரோவில் உன் புடவையை எண்ணட்டுமா?" என்கிறான். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பலகை மாட்டிய கடைகளிலேயே வாங்கிப் பழகிய நமக்கு இன்னொரு ஆச்சரியம்: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகத்தான் ஆடியிருக்கிறீர்கள் என்றால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இது 2015 ஜூனில் வந்த விதி. இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. 'வெண்பா' மாதிரிச் சின்ன விளையாட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுக்க ஆடிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டலில் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு உப்பு சரியில்லை என்று சொல்வது போலத்தான்.

இறக்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' என்ற விளையாட்டு கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் செல்போன் ரீசார்ஜை நம்பினால் நூறு நாள் ஆகும். வீட்டில் நல்ல பைபர் இணைப்பு இல்லாதவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கையில் ஒன்றும் வராதது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. நிலம் வாங்கினாலும் கையில் வருவது பத்திரம்தானே? அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் சங்கதி. நாம் கிரயம் என்று நினைத்துப் பணம் கட்டுகிறோம். எழுதியிருப்பது குத்தகை. அதுவும் எத்தனை வருடம் என்று குறிப்பிடாத குத்தகை. 'வாங்கு' என்று பட்டனில் போட்டுவிட்டு உரிமம் மட்டும் கொடுக்கிறவர்கள், அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்குச் சில மாதம் முன்பே, பணம் கட்டும் இடத்தில் ஸ்டீம், கொடுப்பது உரிமம் மட்டுமே என்ற வரியைச் சேர்த்துவிட்டது. சின்ன எழுத்துதான், ஆனால் இருக்கிறது.

குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு யூபிசாப்டின் 'தி க்ரூ' ஒரு சாட்சி. 2014-இல் வந்த கார் விளையாட்டு. அமெரிக்காவையே சுருக்கி வரைபடமாக்கியிருந்தார்கள்; ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கார் ஓட்டிக்கொண்டே போக முடிந்தது. தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பில் இருந்தாக வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அவ்வளவுதான், விளையாட்டே இல்லை. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் இதே கதி. 'சிடி கையில் இருந்தால் பத்திரம்' என்று நினைக்கும் என் போன்ற பழைய ஆட்களுக்கு இது சம்மட்டி அடி. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில விளையாட்டுகளில், கடையில் விற்கும் கார்டுக்குள் விளையாட்டே கிடையாது. அதைச் சொருகினால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதி கிடைக்கும். தாலி இருக்கிறது, மாப்பிள்ளை வெளியூரில்.

'தி க்ரூ' கொடுத்த கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கத்துக்கு, 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்து சேர்ந்தது. விற்ற விளையாட்டை நிறுத்துவதானால், வாங்கியவர்கள் ஆடிக்கொள்ள ஏதாவது வழி செய்துவிட்டு நிறுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. எனக்கு இதில் நியாயத்துக்கு மீறி எதுவும் தெரியவில்லை.

எல்லாக் கடையடைப்பும் இவ்வளவு மோசமில்லை. நிண்டெண்டோ 2023 மார்ச் 27-இல் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியபோது, முன்பே வாங்கியவர்கள் தங்களுடையதை மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தது. புதிதாக வாங்கத்தான் வழியில்லை. 'ஆலன் வேக்' விளையாட்டில் வரும் பாட்டுகளுக்கான உரிமம் தீர்ந்துபோய் 2017-இல் அது கடையிலிருந்தே மறைந்தது; புதுப்பித்துக்கொண்டு 2018-இல் திரும்பி வந்தது. இதற்கெல்லாம் மாற்றாகப் போலந்து நாட்டுக் கடை ஒன்று 2008 முதல் நடக்கிறது. ஜிஓஜி என்று பெயர். அங்கே வாங்கினால் முழு விளையாட்டையும் பூட்டில்லாத கோப்பாக இறக்கி, ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். கடையே மூடினாலும் உங்களுடையது உங்களிடம் இருக்கும். அது கிரயத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. நான் வாங்குவதாக இருந்தால் முதலில் அங்கேதான் தேடுவேன்.

எனக்கு நிஜமாகவே மனக்குறை இரவலில்தான். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு, டிஸ்கைக் கைமாற்றுவதற்கே கட்டுப்பாடு வைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. உடனே சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது. ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். முடிந்தது வீடியோ. ஊரே சிரித்தது, அதே மாதம் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆனால் இன்று டவுன்லோடு செய்கிறவர்களுக்கு அந்த 'இந்தா' கிடையாது. ஆடி முடித்ததைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்கவும் முடியாது. ஸ்டீம் 2024-இல் குடும்பத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரே வீட்டில் ஆறு பேர் வரை தங்கள் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள விட்டிருக்கிறது. எதிர்வீடு அந்தக் கணக்கில் வராது. கணக்கை இன்னொருவர் பேருக்கு மாற்றவும் விதி இடம் தராது, உயில் எழுதினாலும்கூட.

ஆகவே கரூர் அம்மா, மகனுக்கு வாங்கிக் கொடுங்கள், ஆனால் இன்றைக்கே வேண்டாம். தள்ளுபடி வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அந்த மூவாயிரம் பாதியாக வாய்ப்பிருக்கிறது. நெட் இல்லாமல் இது ஓடுமா என்று அவனையே விசாரித்து வந்து சொல்லச் சொல்லுங்கள். கணக்கைக் கல்லூரி மெயிலில் தொடங்க விடாதீர்கள். படிப்பு முடிந்து அந்த மெயில் போனால், கணக்கை மீட்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். யாரோ பாதி விலைக்கு விளையாட்டைத் திறக்கும் 'கோடு' தருகிறார் என்று சிநேகிதன் சொன்னால், திருட்டுக் கார்டில் வாங்கிய கோடாக இருந்து பிறகு ரத்தாகலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் தம்பியிடமிருந்து பதில் வந்தது.

"அக்கா, அது எதிர்வீட்டு அண்ணனோடது. முழுப்பரீட்சை லீவுக்கு இரவல் வாங்கினோம். அவங்க திருச்சிக்கு மாத்தலாகிப் போறப்ப வந்து கேட்டார். தொலைஞ்சு போச்சுன்னு நீதான் சொன்னே."

சற்று நேரம் கழித்து இன்னொன்று: "அவர் நம்பர் இருக்கு. அனுப்பட்டா?"

அன்புடன்,
ஆசிரியர்